பதினேழாம் கேள்விக்கு ஐந்தாவது விடை

பண்டமாரான்,
10 மார்ச் 2026

ஞாயிறு சட்ட வகுப்பு ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் திருச்செல்வம் த/பெ சின்னையா. வயது நாற்பத்திரண்டு. வடக்குத் துறைமுகம் போகும் வழியில் ஒரு கண்டெய்னர் டிப்போவில் சூப்பர்வைசராக இருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் நீங்கள் வைத்த மாதிரித் தேர்வில், கடைசி வரிசையில், ஓடாத மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவன் நான்தான். முப்பதுக்கு இருபத்து மூன்று எடுத்தேன். இருபத்து நான்கு எடுத்தவர்களுக்குத்தான் வகுப்பில் இடம் என்று சுவரில் ஒட்டியிருக்கிறீர்கள். ஜூன் மாதம் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுத ஆசைப்பட்டவன், ஒரே ஒரு மதிப்பெண்ணில் வாசலில் நிற்கிறேன்.

விடைகளில் ஆட்சேபம் இருந்தால் வாட்ஸ்அப் செய்யக் கூடாது, கையெழுத்துப் போட்டுக் கடிதமாக எழுத வேண்டும் என்றும் அதே சுவரில் இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். தேர்வு இங்கிலீஷில் நடந்தாலும் எனக்குக் கோபம் தமிழில்தான் ஒழுங்காக வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் ஆட்சேபம் பதினேழாம் கேள்வி மேல். வாதத்துக்கு வலு சேர்க்கும் வகை. கேள்வித்தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டீர்கள், ஆனாலும் எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. ஒரு டிப்போவில் ஏழாம் எண் போர்க்லிப்ட் தூக்கிய காலிக் கண்டெய்னர் சரிந்து, கீழே நின்ற லோரியின் முன்பக்கத்தை நசுக்கிவிடுகிறது. ஓட்டியவரின் கவனக்குறைவே காரணம் என்று நிர்வாகம் அவரை வேலையிலிருந்து நீக்குகிறது. பின்வருவனவற்றுள் எது, உண்மையானால், நிர்வாகத்தின் வாதத்துக்கு மிக அதிக வலு சேர்க்கும்?

ஏ: அந்த நிர்வாகம் இருபது ஆண்டுகளாகத் தொழில் நடத்துகிறது. பி: கவனக்குறைவாகத் தூக்கியதற்காக அதே ஓட்டுநருக்கு 2025 பிப்ரவரி 11, ஏப்ரல் 3 ஆகிய தேதிகளில் எச்சரிக்கைக் கடிதங்கள் தரப்பட்டிருந்தன. சி: விபத்துக்கு மறுநாள் அந்த போர்க்லிப்ட் பழுது பார்க்க அனுப்பப்பட்டது. டி: அங்கே எல்லாருமே கூடுதல் நேரம் வேலை செய்கிறார்கள்.

சரியான விடை பி என்கிறீர்கள். ஏ வெறும் பெருமை. சி நிர்வாகத்தின் காலையே வாரிவிடுகிறது. டிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சரி, பி மட்டும் என்ன ஒழுங்கு? எச்சரிக்கைக் கடிதம் என்பது ஒரு தாள். தாளை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். அதை வைத்து ஒருவனின் வேலையைப் பறிக்கிற வாதத்துக்கு என்ன வலு வந்துவிடும்? அதனால்தான் நான்கையும் விட்டுவிட்டு, "இ: எதுவும் இல்லை" என்று நானே எழுதி வட்டம் போட்டேன்.

அந்த ஒரு மதிப்பெண்ணைத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருச்செல்வம்

*

பிரிக்பீல்ட்ஸ்,
13 மார்ச் 2026

திரு. திருச்செல்வம் அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. வாட்ஸ்அப் வேண்டாம் என்று ஏன் எழுதினோம் என்றால், போன வருடம் ஒரே கேள்விக்கு எனக்கு அறுபத்தொரு குரல் பதிவுகள் வந்தன. அதில் ஒன்று பதினான்கு நிமிடம். பேனா எடுத்து எழுதச் சொன்னால் பாதிக் கோபம் தானாக அடங்கிவிடும் என்று கமிட்டியில் முடிவு செய்தோம். உங்கள் விஷயத்தில் அது பலிக்கவில்லை.

ஐந்தாவதாக ஒரு விடையைத் தானே எழுதி அதற்கு வட்டமும் போட்ட மாணவரை நான் இதுவரை பார்த்ததில்லை. இருந்தாலும் மதிப்பெண் தர முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

கேள்வியில் "உண்மையானால்" என்று ஒரு சொல் இருக்கிறது. நீங்களே உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், எழுதிவிட்டு அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். இந்த வகைக் கேள்வியில் நான்கு விடைகளையும் உண்மை என்று முதலில் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். அது நிஜமா, யார் சொன்னது, எப்போது எழுதியது என்றெல்லாம் கேட்கக் கூடாது. உண்மை என்றே வைத்துக்கொண்டால் அது வாதத்தை எவ்வளவு தூக்கி நிறுத்துகிறது என்பது மட்டும்தான் நம் வேலை. பாசார் மீன்கடையில் இருக்கிற தராசு, மீன் நல்லதா கெட்டதா என்று பார்க்காது. எடையை மட்டும் சொல்லும். தேர்வு எழுதும்போது நீங்கள் தராசாக இருக்க வேண்டும்.

ஒருவர் ஏற்கெனவே இரண்டு முறை இதே தவறுக்கு எச்சரிக்கப்பட்டவர் என்றால், மூன்றாவது முறையும் அவர் கவனக்குறைவாக இருந்திருப்பார் என்ற வாதத்துக்கு அது வலுதான். நிரூபணம் ஆகாது. வலு, அவ்வளவுதான். கேள்வியும் வலுவைத்தான் கேட்கிறது.

வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு இது. தங்கள் வேலை பற்றிய கேள்வி வந்தால் தேர்வை மறந்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். மற்ற இருபத்து மூன்றும் நன்றாகச் செய்திருக்கிறீர்கள். செப்டம்பரில் அடுத்த வகுப்பு தொடங்கும்போது வாருங்கள்.

அன்புடன்,
குமுதா பரமேஸ்வரன்

*

பண்டமாரான்,
16 மார்ச் 2026

குமுதா டீச்சருக்கு,

வணக்கம். தராசு முகர்ந்து பார்க்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மீன் வாங்கப் போகிறவன் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வீட்டுக்கு எடுத்துப் போனால் அவன் மனைவி சும்மா விடுவாளா?

மதிப்பெண் விஷயத்தை இப்போதைக்கு ஓரமாக வைக்கிறேன். எனக்கு இன்னொன்று தெரிய வேண்டும். உங்கள் கேள்வித்தாளில் ஒன்பதாம் கேள்வியில் "ஒரு நகரம்" என்று இருக்கிறது. பன்னிரண்டில் "ஒரு மருத்துவர்". இருபத்தொன்றில் "ஒரு பள்ளி". எந்த நகரம், எந்த மருத்துவர், எந்தப் பள்ளி என்று இல்லை. பதினேழில் மட்டும் ஏழாம் எண் போர்க்லிப்ட். பதினேழில் மட்டும் பிப்ரவரி 11, ஏப்ரல் 3.

இந்தக் கேள்வியை எங்கிருந்து எடுத்தீர்கள்?

திருச்செல்வம்

*

பிரிக்பீல்ட்ஸ்,
19 மார்ச் 2026

திரு. திருச்செல்வம் அவர்களுக்கு,

கேள்விகள் அனைத்தும் கற்பனை. படிப்பவருக்கு நிஜம்போல் இருக்கட்டும் என்று தேதியும் எண்ணும் சேர்ப்பது வழக்கம். வார நாட்களில் எனக்கு வேறு வேலை இருக்கிறது. இந்த வகுப்பு ஞாயிற்றுக்கிழமை மட்டும் செய்கிற தொண்டு. ஆகவே இந்தக் கேள்வி பற்றிய கடிதப் போக்குவரத்தை இத்துடன் முடித்துக்கொள்வோம்.

தேர்வுக்கு வாழ்த்துகள்.

குமுதா பரமேஸ்வரன்

*

பண்டமாரான்,
23 மார்ச் 2026

குமுதா டீச்சருக்கு,

முடித்துக்கொள்ளச் சொன்னீர்கள். முடியவில்லை, மன்னியுங்கள். பிப்ரவரி 11, ஏப்ரல் 3 இரண்டும் உங்கள் கற்பனையில் வந்த தேதிகள் என்கிறீர்கள். டீச்சர், அவை என் கற்பனையில் வந்த தேதிகள்.

எழுதத் தொடங்கிவிட்டேன், முழுவதும் சொல்லிவிடுகிறேன். போன ஜூன் 12, வியாழக்கிழமை, எங்கள் டிப்போவில் ஏழாம் எண் போர்க்லிப்டிலிருந்து ஒரு காலிக் கண்டெய்னர் சரிந்தது. ஓட்டியவன் பெயர் வாசு. நானும் அவனும் பத்தொன்பது வருடத்துக்கு முன் ஒரே நாளில் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்கள். என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் அவன் வீடு. அந்த வண்டியில் எண்ணெய் ஒழுகுகிறது, பிடி தளர்கிறது என்று அவன் என்னிடம் இரண்டு தடவை சொன்னான். நானும் மேலே சொன்னேன். பார்க்கலாம் என்றார்கள். பார்ப்பதற்குள் சரிந்துவிட்டது. நல்ல வேளை, லோரிக்குள் ஆள் இல்லை.

நாலு நாள் கழித்து மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். வாசுவுக்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வேண்டும், பழைய தேதியில் வேண்டும், அடுத்தடுத்த தேதியாக இருக்கக் கூடாது, நீயே பார்த்துப் போடு என்றார். முடியாது என்று நான் சொல்லவில்லை. வீட்டுக் கடனும் இரண்டு பிள்ளைகளும் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அந்த அறையில் எனக்கு வாய் வரவில்லை, அதுதான் காரணம். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து மனதுக்கு வந்த இரண்டு தேதியைப் போட்டேன். "காலை மணி பத்துக்கு நேரில் கொடுக்கப்பட்டது, பெற்றுக்கொள்ள மறுத்தார்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஜூலையில் வாசுவை நீக்கிவிட்டார்கள். இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறான். தொழில் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறான். ஏப்ரல் 21 விசாரணை. டிப்போவின் சாட்சி நான்.

இனிமேல்தான் வேடிக்கை. இந்த வருடத் தைப்பூசத்தன்று என் மனைவி புஷ்பவல்லி போனில் பழைய படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "இங்க பாருங்க, போன வருசம்" என்று நீட்டினாள். பத்துமலைப் படியில் வாசு காவடியோடு நிற்கிறான். பக்கத்தில் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நான். படத்துக்கு மேலே 11 பிப்ரவரி 2025, காலை 10.04 என்று இருந்தது.

நம் ஆட்களுக்குத் தைப்பூசம் என்றால் தைப்பூசம். அது எந்த மாதம் எத்தனையாம் தேதி என்று யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? என் நண்பன் அலகு குத்திக் காவடி தூக்கிய நாளில், நானே அவனுக்குத் தண்ணீர் கொடுத்த அதே மணியில், அவனை ஆபீசில் வைத்து எச்சரித்ததாக எழுதியிருக்கிறேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. பத்தொன்பது வருடமாகத் தாளில் கையெழுத்துப் போட்டே சாப்பிடுகிறவன், அந்தத் தாள் வெளியே போய் என்னவெல்லாம் செய்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் சட்டம் படிக்கலாம் என்று உங்கள் வகுப்புக்கு வந்தேன். வந்த இடத்தில் பதினேழாம் கேள்வி.

விடை பி என்று பார்த்தவுடனே தெரியும் டீச்சர். கை வரவில்லை.

சொல்லுங்கள். அந்தத் தேதிகள் உங்களுக்கு எப்படிக் கிடைத்தன?

திருச்செல்வம்

*

பிரிக்பீல்ட்ஸ்,
26 மார்ச் 2026

திருச்செல்வம் அண்ணனுக்கு,

தேர்வன்று எல்லாரும் உங்களை அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். கற்பனை என்று எழுதியது பொய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன்.

வார நாட்களில் நான் வழக்கறிஞர் இராமலிங்கத்தின் அலுவலகத்தில் ஜூனியர். உங்கள் டிப்போவுக்காக வழக்காடுவது எங்கள் அலுவலகம். அந்த வழக்கின் சுருக்கத்தைத் தட்டச்சு செய்தவள் நான். மார்ச் ஏழாம் தேதி சனிக்கிழமை, இருபத்தொன்பது கேள்வி எழுதி முடித்திருந்தேன். மிச்சம் இருந்த பதினேழாவதுக்கு மூளை காய்ந்துவிட்டது. அந்த ஃபைல் மேசையில் இருந்தது. ஊர் பெயரையும் ஆள் பெயரையும் எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். தேதிகளை மாற்றச் சோம்பலாக இருந்தது. கட்சிக்காரரின் ஃபைலிலிருந்து ஒரு வரியைக்கூட வெளியே எடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வருடத் தைப்பூசத்துக்கு நானும் பத்துமலையில் இருந்தேன். அம்மா பால்குடம் எடுத்தார். கூட்டத்தில் என் செருப்பு தொலைந்து, வெறுங்காலோடு ரயில் ஏறி வீட்டுக்கு வந்தேன். அந்தத் தேதியை நான் ஃபைலில் ஒரு முறை, கேள்வித்தாளில் ஒரு முறை தட்டச்சு செய்திருக்கிறேன். இரண்டு முறையும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இனி நான் சொல்வதைக் கோபப்படாமல் படியுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அதைப் படிக்காதவள்போல் இருக்க எனக்கு வழியில்லை. பொய் என்று தெரிந்த தாளை எங்கள் அலுவலகம் நீதிமன்றத்தில் நீட்டக் கூடாது. நாளைக் காலை உங்கள் கடிதத்தை இராமலிங்கம் சாரிடம் காட்டப் போகிறேன். நான் செய்த தப்பையும் சொல்லப் போகிறேன். இதனால் உங்களுக்கு என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது.

இந்த வழக்கு பற்றி உங்களுக்கு ஆலோசனை சொல்ல எனக்கு உரிமை இல்லை. தயவுசெய்து வேறு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

குமுதா

*

பண்டமாரான்,
1 ஏப்ரல் 2026

குமுதா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மேனேஜர் திங்கட்கிழமையே கூப்பிட்டுவிட்டார். தபால்காரரை விட உங்கள் அலுவலகம் வேகம்.

கதவைச் சாத்திவிட்டு, யாரிடம் என்ன உளறினாய் என்று கேட்டார். இருபத்தொன்றாம் தேதி அந்தக் கடிதம் என்னுடையது, அந்தத் தேதியில் கொடுத்தேன், இந்த இரண்டு வாக்கியத்துக்கு மேல் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்றார். பேசினால் கள்ளத்தாள் எழுதியது நான் ஒருவன்தான், நிர்வாகத்துக்கு ஒன்றும் தெரியாது என்று போலீசில் புகார் கொடுப்பார்களாம். வீட்டுக்கு வந்து சொன்னேன். "ஒரு மார்க்குக்காகவா இந்தக் கூத்து?" என்று கேட்டுவிட்டுப் புஷ்பவல்லி அடுப்படிக்குள் போய்விட்டாள். அன்று அவளும் சாப்பிடவில்லை.

நான் எழுதியது ஒரு டீச்சருக்கு. பத்து மாதமாகப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாததை, முகமே சரியாக ஞாபகம் இல்லாத உங்களிடம் சொன்னேன். நீங்கள் அதை எடுத்துக்கொண்டு நேராக எதிராளியின் வீட்டுக்குப் போனீர்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள் பொறுத்து, "அண்ணே, இப்படிச் செய்யப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம். முதலில் கற்பனை என்று பொய் சொன்னீர்கள். பிறகு உண்மை சொன்னீர்கள். இரண்டிலும் அடிபட்டது நான்தான்.

எனக்கு அந்த மதிப்பெண்ணும் வேண்டாம், வகுப்பும் வேண்டாம்.

திருச்செல்வம்

*

பிரிக்பீல்ட்ஸ்,
6 ஏப்ரல் 2026

திருச்செல்வம் அண்ணனுக்கு,

நீங்கள் திட்டியது சரி. ஒரு நாள் பொறுத்திருக்க வேண்டும். பொறுத்தால் எனக்குத் தைரியம் போய்விடும் என்று பயந்தேன். என் தைரியத்தைக் காப்பாற்றிக்கொள்ள உங்களை முன்னால் தள்ளிவிட்டேன். இதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இராமலிங்கம் சார் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நீ வந்து சொன்னது சரி. ஃபைல்லேர்ந்து எடுத்தது தப்பு. சரிக்காகத் தப்ப விட முடியாதும்மா" என்றார். இந்த மாதக் கடைசி வரை நான் அங்கே இருக்கலாம். அதன் பிறகு வேறு இடம் பார்க்க வேண்டும். அந்த இரண்டு கடிதங்களையும் எடுத்துவிடும்படி அவர் டிப்போவிடம் சொன்னார். அவர்கள் மறுத்துவிட்டார்கள். இந்த வழக்கே எங்களுக்கு வேண்டாம் என்று அவர் ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். டிப்போ வேறு வழக்கறிஞரை வைத்துக்கொண்டுவிட்டது என்று கேள்வி. ஆகவே அந்தத் தாள்கள் இருபத்தொன்றாம் தேதி நீதிமன்றத்துக்கு வரும். அவை எப்படிப் பிறந்தன என்று அங்கே சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. சொல்லும் தகுதியையும் இழந்துவிட்டேன். ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் தனித்தாளில் வைத்திருக்கிறேன். கிள்ளானில் இருக்கிற வழக்கறிஞர். உங்களுக்காக மட்டும் பேசுவார். விசாரணைக்கு முன் ஒரு முறையாவது போய்ப் பாருங்கள்.

பதினேழாம் கேள்வியைத் தாளிலிருந்து நீக்கிவிட்டோம். இப்போது மொத்தம் இருபத்தொன்பது. தேர்ச்சி எண்பது விழுக்காடு, அதாவது இருபத்து மூன்று புள்ளி இரண்டு. நீங்கள் எடுத்தது இருபத்து மூன்று. இந்த முறை புள்ளி இரண்டில் வெளியே நிற்கிறீர்கள். கமிட்டியிடம் விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டு வாங்கியதை நீங்கள் தொட மாட்டீர்கள் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்று. மின்விசிறிக்குக் கீழே உள்ள நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. இடம் கிடைக்காதவர் வந்து உட்கார்ந்து கேட்கக் கூடாது என்று சுவரில் எங்கேயும் எழுதவில்லை. நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

குமுதா

*

பண்டமாரான்,
3 மே 2026

குமுதா டீச்சருக்கு,

வணக்கம். கோபத்தில் "அவர்களுக்கு" என்று எழுதியதை மறந்துவிடுங்கள்.

கிள்ளான் வழக்கறிஞரைப் பார்த்தேன். நல்ல மனிதர். பயப்பட வேண்டியதற்கு மட்டும் பயப்படச் சொன்னார். அந்தப் பட்டியல் நான் நினைத்ததைவிடச் சிறியதாகத்தான் இருந்தது.

இருபத்தொன்றாம் தேதி காலையில் புஷ்பவல்லி சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. "வாசு பொண்டாட்டி மொகத்த நான் தெனம் பாசார்ல பாக்கணும்ங்க" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

சாட்சி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எதிரே வாசு. வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். டிப்போவின் புது வழக்கறிஞர் அந்தத் தாளை என் முன் வைத்தார். இது உங்கள் கையெழுத்தா என்றார். ஆமாம் என்றேன். பிப்ரவரி 11 காலை பத்து மணிக்கு இதை நேரில் கொடுத்தீர்களா என்றார். மேனேஜர் பின்னால் உட்கார்ந்திருந்தார், அவர் மூச்சு எனக்குக் கேட்ட மாதிரி இருந்தது. "இல்லை. அன்று தைப்பூசம். காலை பத்து மணிக்கு நானும் வாசுவும் பத்துமலைப் படியில் இருந்தோம். இந்தத் தாளை நான் எழுதியது ஜூன் 16" என்றேன். அந்த அம்மா, நீதிபதி, எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். யார் எழுதச் சொன்னது என்று கேட்டார். சொன்னேன். ஏன் எழுதினீர்கள் என்று கேட்டார். பயந்தேன் என்றேன்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. டிப்போ சமரசம் பேசுகிறது என்று கேள்வி. எனக்கு மறுநாளே விளக்கம் கேட்டு ஒரு கடிதம் கொடுத்தார்கள். அதில் தேதி சரியாக இருந்தது. வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள், பத்து நாளாக வீட்டில்தான் இருக்கிறேன். வேலை போய்விடும். போலீஸ் புகார் இன்னும் வரவில்லை. வந்தாலும் சொன்னதையே அங்கேயும் சொல்வேன்.

ஆனால் நான் எழுத வந்தது இது இல்லை. விசாரணை முடிந்து வெளியே வந்தபோது கேன்டீனில் வாசு ஒரு டம்ளர் தேத்தாரே டீ குடித்துக்கொண்டிருந்தான். எதிர் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டான். உட்கார்ந்தேன்.

"பத்துமலையில ஒன் வீட்டுக்காரம்மா எடுத்து அனுப்புன போட்டோவ எங்க வக்கீலுகிட்ட எப்பவோ குடுத்தாச்சு" என்றான். "நீ ஆமான்னு சொல்லியிருந்தா அடுத்த நிமிசம் ஒன் மொகத்துக்கு நேரா காட்டியிருப்பாரு."

"தெரியாதுடா."

"ஒனக்கெப்படித் தெரியும்? அந்த லெட்டரப் பாத்த அன்னிக்கே எனக்குத் தெரியும் திரு. தேதியப் பாத்ததும் சிரிச்சிட்டேன். மேனேஜர் இவன் கழுத்துல கத்திய வச்சிருக்கான், இவன் எனக்குன்னு வேணும்னே ஒரு ஓட்டய விட்டிருக்கான்னு நெனச்சேன். அதனாலதான் ஒன் வீட்டு வாசல்ல வந்து நான் சத்தம் போடல. என் பொண்டாட்டி கூட ஒன்னத் திட்டுனா. நான் சொன்னேன், திரு வேணும்னேதான் போட்டிருக்கான், நீ சும்மா இருன்னு." டம்ளரைக் கீழே வைத்தான். "வேணும்னேதானே போட்ட? சொல்லு லா."

டீச்சர், அது மட்டும் உண்மையானால் என் பக்கத்துக்கு எவ்வளவு வலு! பத்து மாதமாக நான் பட்ட வெட்கம் முழுவதும் அந்த ஒரு தலையாட்டலில் போய்விடும். சரிபார்க்க ஒருவரும் இல்லை. கேட்கிறவனே நம்ப ஆசைப்படுகிறான். நீங்கள் சொன்ன தராசு மாதிரி நான் சும்மா இருந்திருந்தால்கூடப் போதும்.

"இல்லடா" என்றேன். "மறந்துட்டேன். ஒன் காவடி என்னா தேதின்னே எனக்கு ஞாபகம் வரல."

அவன் மிச்சத் தேத்தாரேயைக் குடித்தான், ஹெல்மெட்டை எடுத்தான், போய்விட்டான். நான் கழிப்பறைக்குப் போய் அழுதேன். நாற்பத்திரண்டு வயதில் அழுதது உங்களிடம் சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. சாட்சி நாற்காலியில் உண்மை சொன்னது கஷ்டம் இல்லை டீச்சர். இதுதான் கஷ்டமாக இருந்தது.

வேலை இல்லாததால் ஞாயிற்றுக்கிழமை என்ன, எல்லாக் கிழமையும் எனக்குச் சும்மாதான். அடுத்த வாரம் அந்த நாற்காலிக்கு வருகிறேன். ஜூன் 14 தேர்வையும் எழுதுகிறேன். அதில் இதே மாதிரி ஒரு கேள்வி வந்தால் பியைத்தான் போடுவேன். தாளில் அது சரியான விடைதான். இப்போது கை வரும்.

நேற்று வாசு போனில் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். போன ஜூலைக்குப் பிறகு இதுதான் முதல் செய்தி. புஷ்பவல்லியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டே வரி.

"அடுத்த வருசம் தைப்பூசம் ஜனவரி 22. எழுதி வச்சிக்க."

எழுதி வைத்துக்கொண்டேன்.

திருச்செல்வம்